ஈசானிய மூலையும் மாக்கிறேட் வீடும்

நாகலட்சுமிக்கு வரிசையில் நிற்பது பிடிக்காது. சுற்றி வளைத்துப் பேசுவது பிடிக்காது. "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று முடிகிற மின்னஞ்சலைக் கண்டால் உடம்பெல்லாம் எரியும். ஆனால் அவள் கழுத்தை நீட்டியது மகாதேவனுக்கு. இந்த மூன்றையும் சப்புக்கொட்டி ரசிக்கிற மனிதர் அவர்.

திண்டுக்கல்லில் பிறந்து, மதுரையில் லேப் டெக்னீஷியன் படித்தவள். கணவருக்கு ரயில் சிக்னல் எஞ்சினியராக வேலை கிடைத்ததால் மெல்பர்ன் வந்தாள். முதலில் ஒரு கேக் தொழிற்சாலையில் நின்றாள். பிறகு பரீட்சை எழுதி, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுப்பவளாகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தாள். நரம்பு தட்டுப்படாத முதியவர்களும், ஊசியைக் கண்டதும் கண் செருகும் வாட்டசாட்டமான இளைஞர்களும் அவளைத்தான் கேட்டு வருவார்கள். "கொஞ்சம் குத்தும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவாள். வலிக்காது என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீடு கிரான்பர்னைத் தாண்டி, வாட்டில் கோர்ட் என்கிற முட்டுச்சந்தில் இருக்கிறது. பின்வேலிக்கு அப்பால் ஓர் ஓடை. ஓடை என்பது மரியாதைக்குச் சொல்வது. கோடையில் அதில் ஒரு நாய் குடிக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. மழைக்காலத்தில் வாத்துகள் வந்து இறங்கி, ஏமாந்து, வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

கிழக்குப் பக்கத்து வீடு மாக்கிறேட்டுடையது. இலங்கையில் மன்னார்க்காரி, பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. அவள் கணவர் பொனிபஸ் பேசாலைக் கடலில் மீன் பிடித்தவர், இங்கே வந்து கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் உழைத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி ஒன்று இருக்கிறது. வாசல்வழி சுற்றிவருவது வீண் அலைச்சல் என்று அதில் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டவரே பொனிபஸ்தான். அந்த இடுக்கு வழியாக இங்கிருந்து பொங்கல் போகும், அங்கிருந்து பாலப்பம் வரும். நாகலட்சுமி அந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆள் தேடியதில்லை.

போன வருஷம் பொனிபஸுக்கு ஸ்ட்ரோக் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்தார், பிறகு நர்சிங் ஹோமுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குக் கூட்டிவரலாம்தான். ஆனால் அந்த வீட்டின் குளியலறைக்குள் சக்கர நாற்காலி நுழையாது. மாக்கிறேட் வீட்டுப் பின்புறம், தோட்டத்துத் தரைக்குச் சமமாக, அகலக் கதவும் குளியலறையும் வைத்து ஓர் அறை கட்ட ஏற்பாடு செய்தாள். பிளான் போட்டாயிற்று, பில்டர் கிடைத்தாயிற்று. நகராட்சிக் கவுன்சிலின் பெர்மிட் ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் அந்த வரைபடம் வந்தது.

"அக்கா, இதைப் பாருங்கோ. என்ர வீட்டை முழுசாத் தண்ணிக்குள்ள தாட்டுப்போட்டாங்கள்" என்று வேலி இடுக்கு வழியாக வந்த மாக்கிறேட்டின் கையில் கவுன்சில் அனுப்பிய காகிதம் இருந்தது. பெருவெள்ளம் வந்தால் எந்தெந்த இடம் மூழ்கும் என்று மாநில நீர்வாரியம் தயாரித்த உத்தேச வரைபடம். ஓடையிலிருந்து ஒரு நீல நாக்கு நீண்டு, நாகலட்சுமி வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையை நக்கிவிட்டு, மாக்கிறேட் வீட்டை அப்படியே விழுங்கி, அதற்குக் கீழே இருந்த வீடுகளையும் நனைத்துக்கொண்டு போயிருந்தது.

"இவ்வளவு காலமும் ஒரு சொட்டுத் தண்ணி குசினிக்குள்ள வந்ததில்லை. இவங்களுக்கு எங்கால இந்த வெள்ளம் வந்தது?"

வெள்ளம் எங்கிருந்தும் வரவில்லை, ஆனால் அதன் சட்டதிட்டங்கள் வந்துவிட்டன. நீலத்துக்குள் இருக்கும் வீட்டில் புதிதாக எதைக் கட்டினாலும் தரையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். அந்த உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட்டால் அது தோட்டத்தைத் தாண்டி ஓடைக்குள் போய்த்தான் முடியும். வரைபடம் முடிவாகும்வரை மாக்கிறேட்டின் பெர்மிட் நிறுத்திவைக்கப்பட்டது. அதுதான் சேதி. பொனிபஸ் வீடு திரும்புவது யாரோ ஒரு கம்ப்யூட்டரில் தீட்டிய நீலத்தில் போய் மாட்டிக்கொண்டது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்த வரைபடத்தைக் கவுன்சிலே ஒத்துக்கொள்ளவில்லை. பல தெருக்களில் கணக்குத் தப்பு என்று நீர்வாரியத்துக்கு எழுதி, திருத்தச் சொல்லிக் கேட்டிருந்தது. ஆதாரம் கொடுங்கள் என்று மக்களையும் கேட்டுக்கொண்டு, நூலகத்தில் ஒரு கூட்டம் போட்டது.

கூட்டம் என்றதும் மகாதேவனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு அவர் ஆட்சேபம் தெரிவிக்காத விஷயம் அந்தப் பேட்டையில் கிடையாது. குப்பைத்தொட்டி மூடியின் நிறம், பஸ் நிறுத்தத்தின் நிழல், தெருவிளக்கின் வெளிச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை தெருக்காரர்களை வாட்ஸப்பில் திரட்டி, தானே தலைவராகி, வாத்துகளின் புகைப்படத்தோடு ஒரு தடித்த மனுவையும் தயார் செய்துவிட்டார்.

"வாத்து எதுக்கு?" என்றாள் நாகலட்சுமி.

"தண்ணி இல்லாம வாத்தே ஏமாந்து போகுதுங்கறதுக்கு சாட்சி."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பொனிபஸுக்காகத்தானே அலைகிறார் என்று விட்டுவிட்டாள்.

கூட்டத்தில் கவுன்சில் சார்பாகப் பேச வந்தவள் ஹரிப்பிரியா என்கிற வெள்ளத்தடுப்பு எஞ்சினியர். கோயம்புத்தூர்ப் பெண், வந்து சில வருஷம்தான் ஆகிறது. மகாதேவன் எழுந்து, மனிதர்கள் சொல்வதை நம்புவீர்களா, மெஷின் சொல்வதை நம்புவீர்களா என்று ஆங்கிலத்தில் முழங்கினார். கைதட்டல் எழுந்தது. ஹரிப்பிரியா அமைதியாக, "நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். கவுன்சில் உங்கள் பக்கம்தான்" என்றாள். எதிரி கிடைக்காத வருத்தம் மகாதேவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. உட்காரவும் மனமில்லாமல், பேசவும் எதுவும் இல்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகலட்சுமிதான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அடுத்த வாரம் ஹரிப்பிரியா நேரில் பார்க்க வந்தாள். கையில் டேப்லெட், காலில் பூட்ஸ். ஓடையை ஒட்டி, எல்லா வீட்டுப் பின்வேலிக்கும் உள்பக்கமாக ஒரு மண்வரப்பு ஓடும். மனை போட்டவர்கள் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் குவித்தது. அவள் அதை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, மகாதேவன் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் நின்றாள். அங்கே வரப்பு இல்லை. வெட்டி எடுத்து, இன்னும் கீழே தோண்டி, பள்ளமாக்கி, நடுவில் ஒரு கல்தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது.

"அங்கிள், எல்லா வீட்டிலும் இருக்கிற வரப்பு உங்க மூலையில மட்டும் காணோமே?"

மகாதேவன் தொண்டையைச் செருமினார். ஹரிப்பிரியா பள்ளத்தைப் பார்த்தாள், கல்தொட்டியைப் பார்த்தாள், போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஈசானியமா?" என்றாள்.

நாகலட்சுமிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வந்திருந்தால் தலைகீழாக நின்றாலும் அந்தப் பள்ளத்தின் காரணத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார். இந்தப் பெண் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

அந்தப் பள்ளத்தின் கதை இதுதான். அவர்களுடைய ஒரே மகள் ஸ்ருதி, கணவனோடு மெல்பர்னிலேயே கிளென் வேவர்லியில் இருக்கிறாள். பிள்ளை பிறக்கும் முன்பே நல்ல பள்ளிக்கூடத்தின் சேர்க்கை எல்லைக்குள் வீடு வாங்கிவைத்த முன்யோசனைக்காரி. ஆனால் பிள்ளைதான் தங்கவில்லை. இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் கலைந்தது. மகாதேவன் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. பிறகு யாரோ சொல்லி, மாம்பலத்திலிருக்கும் வாஸ்து நிபுணர் சடகோபனை வீடியோவில் பிடித்தார். சடகோபன் போனைத் தூக்கிக்கொண்டு தோட்டம் முழுக்க நடக்கச் சொன்னார். தென் அரைக்கோளத்தில் ஈசானியம் இடம் மாறுமா என்று ஒரு பெரிய சர்ச்சை நடந்தது. மாறாது என்று, மாம்பலத்தை விட்டு நகராத சடகோபனே தீர்ப்புச் சொன்னார். ஈசானியம் மேடாக இருக்கிறது, அதனால் வம்சம் தழைக்கவில்லை, அங்கே வெட்டி எதிர் மூலையான நைருதியில் கொட்டுங்கள் என்றார்.

"அவ இருக்கறது கிளென் வேவர்லில. மேடு இருக்கறது இங்க" என்று நாகலட்சுமி அப்போதே கேட்டாள்.

"பொண்ணுக்குப் பொறந்த வீட்டு ஈசானியம்தான் கணக்காம்" என்றார் மகாதேவன். ரயில்கள் மோதாமல் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்ட எஞ்சினியர் பேசுகிற பேச்சு.

வெட்ட உதவிக்கு வந்தவர் பொனிபஸ்தான். அப்போது அவருக்குக் கையும் காலும் நன்றாக இருந்தன. "அண்ணை, உங்கட சாமி மூலையைப் பார்த்துத்தானோ இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியைப் போட்டு, மண்ணைத் தள்ளுவண்டியில் அள்ளி, முன்பக்கத்துத் தென்மேற்கு மூலையில் மலைபோலக் குவித்தார். பிறகு ஸ்ருதி மறுபடி உண்டானாள். இப்போது ஐந்தாம் மாதம். மகாதேவனைப் பொறுத்தவரை அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றும் இல்லை.

ஹரிப்பிரியா விளக்கினாள். நீர்வாரியத்தின் விமானம் லேசரால் நிலத்தின் உயரத்தை அளந்தது இந்தப் பள்ளம் வெட்டிய பிறகு. ஓடை நிரம்பினால் உள்ளே நுழைய இந்தத் தெருவுக்கே இது ஒன்றுதான் வாசல் என்று கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிட்டது. நீல நாக்கு கிளம்புவது இங்கேதான். இதை மூடி, லைசென்ஸ் வைத்திருக்கும் சர்வேயர் அளந்து கொடுத்துவிட்டால், கவுன்சில் அனுப்பப்போகும் திருத்தங்களோடு இதையும் சேர்த்துவிடலாம். ஆனால் இந்த ஜூன் மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். தவறினால் அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"அவ்வளவுதானே, நாளைக்கே மூடிடலாம்" என்றாள் நாகலட்சுமி.

"குழந்தை பொறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார் மகாதேவன்.

"என்னது?"

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற குடும்பத்தில மண்ணு வெட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? அதுவும் அந்த மூலையில."

இத்தனை நாளும் நீர்வாரியம் கண்ணில்லாதது, கவுன்சில் காதில்லாதது என்று ஊரைக் கூட்டி முழங்கிய மனிதர், தன் வீட்டு மூலையில் இருக்கும் பள்ளத்துக்கு முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாகலட்சுமி நியாயத்துக்கு ஹரிப்பிரியாவைப் பார்த்தாள். அந்தப் பெண் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்கம்மாவும் இதையேதான் சொல்வாங்க ஆன்ட்டி" என்று முனகினாள். படித்து என்ன, பூட்ஸ் போட்டு என்ன.

அன்றிலிருந்து வீட்டில் போர்தான். அவள் எதைச் சொன்னாலும் அவர் "ரெண்டு தடவை போயிருக்கு நாகு" என்ற ஒரே பதிலைச் சொன்னார். அவளுக்குச் சடகோபன் மேல் நம்பிக்கை இல்லை. பள்ளத்தின் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் மூடிய பிறகு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் இருந்தது. அந்தப் பயத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

சனிக்கிழமை மாக்கிறேட்டோடு நர்சிங் ஹோமுக்குப் போனாள். பொனிபஸ் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். முன்னால் தட்டில் சிவப்பு ஜெல்லி தொடப்படாமல் கிடந்தது. கடல் மீனைத் தவிர வேறெதையும் சாப்பாடு என்று ஒத்துக்கொள்ளாதவருக்கு ஜெல்லி.

"எப்ப வீட்டை போறது?" வாய் கோணி, சொல் குழைந்து வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

"பெமிட் வரட்டும். அறை கட்டினவுடன போகலாம்" என்றாள் மாக்கிறேட்.

"பெமிட் எடுக்க… நான் என்ன கப்பலே வாங்கப்போறன்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவர் மாக்கிறேட்டின் கையை விடவில்லை. "இங்க சாகப் பயமாக் கிடக்கு" என்றார். அதை மட்டும் குழறாமல் சொன்னார்.

நாகலட்சுமி வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். மாக்கிறேட் வந்து கதவைச் சாத்தியதும், பள்ளத்தின் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். நீலம் எங்கே கிளம்புகிறது, யார் மூடமாட்டேன் என்கிறார், ஏன் என்கிறார், எல்லாம். மாக்கிறேட் கத்துவாள், இறங்கிப் போய்விடுவாள், வேலிப் பலகையை மறுபடி அடித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தாள்.

மாக்கிறேட் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"பிள்ளை பிறக்கட்டும் அக்கா. ரெண்டு தரம் கலைஞ்ச வயிறு. மூடச் சொல்லி நான் எந்த வாயால கேக்கிறது?"

"நீயாவது சண்டை போடக் கூடாதா? அவர் அங்க அப்படிக் கேக்கறாரு, நீ இங்க இப்படிச் சொல்ற!"

"ஓம், கேக்கிறார்தான். நாளைக்கு ஸ்ருதிக்கு ஒண்டு நடந்தால் நான் உங்கட முகத்தில முழிக்கிறதோ?"

நாகலட்சுமிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எல்லோரும் இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் யார்தான் ஒரு கூடை மண்ணை அள்ளிப் போடுவது? வண்டியை எடுப்பதற்கு முன் போனை எடுத்து ஸ்ருதிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மகள், "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் ஸ்ருதி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பள்ளத்தின் முன் நின்றாள்.

"அப்பா, இது ஐவிஎஃப். டாக்டர் பண்ணது. வயித்துல ஊசி போட்டுக்கிட்டது நான். க்ரெடிட் மட்டும் இந்தக் குழிக்கா?"

"அப்படி இல்லம்மா…"

"பொனிபஸ் அங்கிள் எனக்கு டிரைவிங் சொல்லிக் குடுத்தாரு. நீங்க கத்தினீங்க, அவர் கத்தலை. ஐ வான்ட் ஹிம் ஹோம். அவ்வளவுதான்."

கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். ஐந்து மாத வயிற்றோடு அவள் அதை ஓங்கியதும் மகாதேவன் ஓடினார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நாகலட்சுமி பார்த்ததே இல்லை. மகள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்.

"நான் மூடறேன். நீ உள்ள போ. தயவுபண்ணி உள்ள போ."

மூடினார். ஆனால் அங்கேயும் ஒரு வில்லங்கம் வைத்தார். ஈசானியத்தை விட்டுக்கொடுத்தாயிற்று, நைருதி மேட்டில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். முன்னால் அதே மண் மலையாகக் கிடக்க, லாரியில் வேறு மண் வந்து இறங்கியது. வாதாட நாகலட்சுமிக்குத் தெம்பில்லை. மூடினால் போதும் என்று விட்டுவிட்டாள். கல்தொட்டியை நகர்த்தி முதல் மண் விழுந்ததுமே அவள் உள்ளே போய் ஸ்ருதிக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில், எதற்கும் இருக்கட்டும் என்று, தினமும் ஏதோ சாக்குச் சொல்லி ஸ்ருதிக்குப் போன் செய்தாள். மகாதேவன் தனியாக வேறு செய்தார். ஸ்ருதி இரண்டு பேருக்கும் ஒரே பதிலை இரண்டு தடவை சொல்லி அலுத்துப்போனாள்.

சர்வேயர் வந்து அளந்தார். கவுன்சில் அனுப்பியது. நீர்வாரியம், திருத்தம் கிடைத்தது என்று சொன்னது, பரிசீலிக்கிறோம் என்றது, பிறகு வாயைத் திறக்கவில்லை. நாகலட்சுமி ஹரிப்பிரியாவுக்குப் போன் செய்து செய்து, அந்தப் பெண் "ஆன்ட்டி, இன்னும் இல்லை" என்றே போனை எடுக்கும் நிலைக்கு வந்தாள். குளிர் போனது. ஸ்ருதிக்கு ஒரு குறையும் இல்லாமல் பெண் குழந்தை பிறந்தது. மகாதேவன் பேத்தியைக் கையில் வாங்கியபோது, எல்லோரும் பார்க்க, விசும்பி அழுதார். அவர்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை நாகலட்சுமி அன்று ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாள். மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்திருந்தாள், தேவைப்படும் என்று தெரியும்.

நவம்பரில் திருத்திய வரைபடம் வந்தது.

மாக்கிறேட் வேலி இடுக்கில் தோள்பட்டை உரச ஓடிவந்தாள். "வெள்ளை, அக்கா! என்ர வீடு வெள்ளை! ஒரு பொட்டு நீலம் இல்லை!" இருவரும் கட்டிக்கொண்டார்கள். மாக்கிறேட் சிலுவை போட்டுக்கொண்டு, அங்கிருந்தே பில்டருக்குப் போன் செய்தாள். இன்னும் ஒரு மாதம் ஆட்சேபங்களுக்கு அவகாசம் உண்டு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வரைபடம் முடிவாகிவிடும், பெர்மிட் கைக்கு வந்துவிடும்.

அவள் போன பிறகுதான் மகாதேவன் தங்கள் வீட்டைத் தேடினார். அது நீலமாக இருந்தது. மூலை மட்டும் அல்ல, சமையலறை, கூடம், கார் நிற்கும் இடம் எல்லாம், அழகாக உருட்டிவைத்த மாதிரி ஒரு நீல வட்டம்.

ஹரிப்பிரியா போனில் சங்கடப்பட்டாள். "பின்னாடி வரப்பைச் சரியா போட்டுட்டீங்க அங்கிள். ஆனா முன்னாடி ஒரு மேடு இருக்கே, அதையும் சர்வேயர் அளந்திருக்காரு. மேல இருக்கிற வீட்டுத் தண்ணியெல்லாம் உங்க மனைக்குள்ள இறங்குது. முந்தி பின்பக்கப் பள்ளம் வழியா வெளிய போச்சு. இப்ப போக வழியில்லை. முன்னாடியும் மேடு, பின்னாடியும் மேடு, நடுவுல வீடு."

நைருதி மேடு. பொனிபஸ் குவித்து, மகாதேவன் தொட மறுத்த அதே மேடு.

"எடுத்துட்டா சரியாயிடுமா?"

"சரியாயிடும். மேட்டை எடுத்துட்டு, மறுபடி அளந்து, ஆட்சேபம் போடலாம். உங்களுக்கு உரிமை இருக்கு." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒரு ஆட்சேபம் வந்தாலும் அந்தத் தெரு முழுக்க விசாரணைக் குழுவுக்குப் போயிடும் அங்கிள். அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் யாருக்கும் பெர்மிட் கிடைக்காது."

நாகலட்சுமிக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த மண்ணைத் தூக்கிப் பின்னால் போட்டிருந்தால் முடிந்திருக்கும். "சொன்னேனா இல்லையா" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த ஒரு வீடு. அது அரசாங்கக் காகிதத்தில் தண்ணீருக்குள் கிடக்கிறது. அவர் லேப்டாப்பைத் திறந்து ஆட்சேபத்தைத் தட்டத் தொடங்கினார். அவள் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அது அவளுடைய வீடும்தான்.

மகாதேவன் ஆட்சேபம் எழுதுகிற விஷயம் வாட்ஸப் குழுவில் பரவிவிட்டது. வேலி இடுக்கு வழியாக அந்த வாரம் எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை. தோட்டத்தில் துணி காயப்போட வந்தால் மாக்கிறேட் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை மாலை, வழக்கத்துக்கு விரோதமாக, வாசல் மணியை அடித்துக்கொண்டு வந்தாள். வேலைக்குப் போன அதே உடுப்பு. உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

"அண்ணை, நீங்கள் எழுதிப் போடுங்கோ. உங்கட வீடு, உங்கட உரிமை. நான் குறை சொல்லமாட்டன்" என்றாள் மகாதேவனைப் பார்த்து. "போட முந்தி எனக்கு ஒருக்காச் சொல்லிப்போடுங்கோ, அவ்வளவுதான். ஈஸ்டருக்கு வீட்டை வரலாம் எண்டு அந்தாளுக்குச் சொல்லிப்போட்டன். நாளைக்குப் போகேக்க வேற ஏதும் சொல்லவேணும். என்ன சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை."

மகாதேவனின் முன்னால் லேப்டாப் திறந்திருந்தது. பக்கம் பக்கமாக எழுதியிருந்ததை நாகலட்சுமி பார்த்தாள். அவளுக்கு வாயில் வார்த்தை வந்துவிட்டது. இந்த மனிதர் இப்போது மட்டும் நியாயம் பேசினால், இவரை விட்டுவிட்டுக் கிளென் வேவர்லிக்குப் போய்ப் பேத்தியோடு இருந்துவிடுவது என்று அந்த நொடியில் முடிவே செய்துவிட்டாள்.

மகாதேவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எழுதியிருந்த அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தார்.

"ஈஸ்டருக்கே வரட்டும்மா. எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை" என்றார்.

மாக்கிறேட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை இல்லாத உடுப்பில் எதைத் தேடுவது என்று தெரியாமல் கைமுட்டியால் கண்ணைத் துடைத்தாள். மகாதேவனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இதை ஜூன் மாசமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள் நாகலட்சுமி. பிறகு மாக்கிறேட்டின் பக்கம் திரும்பினாள். "நீ எதுக்கு நின்னு அழுதிட்டிருக்க? போ, போய் அந்த பில்டரைப் பிடி. அவன் வேற கிறிஸ்துமஸ் லீவுன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிடுவான்."